தாபோ மடத்துக்குப் போவதா, நாகை விகாரையைத் தேடுவதா?

குடந்தைப் பயணி:
கும்பகோணத்தில் எங்கள் கோயில் பார்க்கும் குழு இந்த முறை இமயமலைப் பக்கம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கு, அங்கே தாபோ என்ற பௌத்த மடம். மேற்குத் திபெத்தில் இருந்த குகே நாட்டின் அரசர் யேஷே ஓ கி.பி. 996-ல் நிறுவியது. அப்போது இங்கே முதலாம் ராஜராஜன் ஆட்சி. பெரிய கோயிலுக்கு முன்பே எழுந்த மண் சுவர் மண்டபம் இன்னும் நிற்கிறது, உள்ளே பிக்குகள் ஓதுகிறார்கள். குழுவில் பாதிப் பேர், "சோழர் கால விகாரை, அதாவது பௌத்த மடம், இருந்த நாகப்பட்டினமே பக்கத்தில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எதற்கு அவ்வளவு தூரம்?" என்கிறார்கள். நான் போக வேண்டும் என்ற கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நாகைக்காரி:
நான் அந்தப் பாதிப் பேர் பக்கம். சூடாமணி விகாரையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மன் நாகையில் தொடங்கி, அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த விகாரை அது. அதற்கு ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 வாக்கில், ஆனைமங்கலத்தின் வருவாயைக் கொடுத்தான். ஊர் எல்லையில் பெண் யானையை நடத்தி அந்த இடத்தை வரையறுத்தார்கள். வருவாய் 8,943 கலம் நெல்லும் அதற்கு மேல் கொஞ்சமும் என்று செப்பேடு கணக்குச் சொல்கிறது. கடலுக்கு அப்பால் இருந்த ஓர் அரசர் கட்டிய மடத்துக்குச் சோறு போட்டது நம் வயல். அந்தச் செப்பேடு 21 ஏடு. அது நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பேர் வாங்கிவிட்டது.

நாகையில் மூன்று நிலையில் ஒரு பழைய செங்கல் கோபுரம் நின்றது. சீனக் கோபுரம் என்பார்கள். விகாரைகளின் மிச்சமாகக் கடைசிவரை இருந்தது அதுதான். 1867-ல் சென்னை அரசின் அனுமதியோடு சேசு சபையினர் அதை இடித்தார்கள். இதெல்லாம் நடந்த ஊருக்கு ஒரு நாள் வந்து நிற்காதவர்கள் ஸ்பிதியில் போய் எதைத் தேடப் போகிறீர்கள்?

குடந்தைப் பயணி:
அக்கா, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் வந்து நின்றால் என்ன தெரியும்? கோபுரம் இல்லை. வெளிப்பாளையத்திலும் சுற்று வட்டாரத்திலும் கிடைத்த 350-க்கு நெருக்கமான பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஊரில் இல்லை. சென்னை அருங்காட்சியகத்திலும் உலகத்தில் வேறு பல இடங்களிலும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒரு திருமேனி எந்த இருட்டில் இருந்தது, யார் எந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார்கள், சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பது கண்ணாடிப் பெட்டியில் தெரியாது.

தாபோவில் அது தெரியும். நடுவில் நான்கு திக்கும் பார்க்கும் வைரோசன புத்தர். சுவரைச் சுற்றி, தலைக்கு மேல் உயரத்தில், ஆள் அளவுக்கு 32 சுதைச் சிற்பங்கள். மொத்தமும் சேர்ந்து ஒரே மண்டலம், அதாவது புத்தரை நடுவில் வைத்துச் சுற்றி மற்றத் தெய்வங்களை அடுக்கிய அமைப்பு. அந்த மண்டலத்துக்குள்ளேயே நாம் நடக்கிறோம். கீழே சுவரோவியம். வெளிச்சம் மேலே இருக்கும் திறப்பு வழியாக வருவதுதான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு கலையாமல் இருக்கும் இடம் இந்தியாவில் அபூர்வம். நம்மிடம் போனது எது என்று அங்கே நின்றால்தான் உறைக்கும்.

நாகைக்காரி:
இந்த வாதத்தைத்தான் நான் மறுக்கிறேன் தம்பி. தாபோவைப் பார்த்தால் நாகை தெரிந்துவிடாது. தாபோ வஜ்ரயானம், திபெத்தில் வேரூன்றிய தாந்திரிக பௌத்தம். ஓவியத்திலும் சிற்பத்திலும் காஷ்மீரத்துக் கை. மழை குறைந்த குளிர்ப் பாலைவனத்தில் மண்ணால் கட்டியது. நாகை விகாரை துறைமுகத்து மடம். சுமத்ராவிலிருந்தும் சீனத்திலிருந்தும் கப்பல் வந்த இடம். நாகைச் செப்புத் திருமேனியின் உச்சியில் தீச்சுடர் மாதிரி எழும் அமைப்பைப் பாருங்கள், உடையின் மடிப்பைப் பாருங்கள். அது சோழச் சிற்பியின் கை. இரண்டுக்கும் வயது ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒன்றின் காலி இடத்தை இன்னொன்றால் நிரப்பிக்கொள்வது இரண்டுக்குமே செய்யும் அநியாயம்.

வெண்ணாற்றங்கரை:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. போவது எந்த மாதம்? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்காரர்கள் வயலை விட்டு நகர முடியாது. ஆகஸ்டில் மலையில் மண்சரிவு என்கிறார்கள். புரட்டாசியில் குறுவை அறுவடையும் சம்பா நாற்றும் ஒன்றாக நிற்கும். குழுவில் விவசாயிகள் இருந்தால் அவர்களையும் கேட்டுத் தேதி வையுங்கள். ஓய்வூதியக்காரர்களுக்கு மட்டும் வசதியான தேதியாக வைக்காதீர்கள்.

மாயவரம் டீச்சர்:
நான் தாபோ போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன். முதலில் வழி. மணாலி வழியாகப் போகாதீர்கள். அது சுருக்கமாகத் தெரியும், ஆனால் 2,050 மீட்டரில் தூங்கி எழுந்து, அன்றைக்கே 4,500 மீட்டரைத் தாண்டும் குன்ஸும் கணவாயைக் கடந்து, ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் 3,600 மீட்டருக்கு மேல் போய்ப் படுப்பீர்கள். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு அதைத் தாங்காது. அந்தக் கணவாய் பனியில் மூடி, கோடையில்தான் திறக்கும். சிம்லா, ரெக்காங் பியோ, நாகோ வழியாக ஏறுங்கள். தூரம் அதிகம், அலுப்பும் அதிகம். ஆனால் உயரம் படிப்படியாக வரும். ரெக்காங் பியோ பக்கத்தில் இருக்கும் கல்பாவில் இரண்டு இரவு தங்கினால் நல்லது. தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது, குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் புறப்படும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தாபோவே 3,200 மீட்டர் அளவில்தான், ஸ்பிதியில் தாழ்வான ஊர். ஆப்பிள் தோட்டம் இருக்கிறது. மடமே விருந்தினர் விடுதி நடத்துகிறது. பழைய மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகும் வரை பேசாமல் நில்லுங்கள், அப்புறம் ஒவ்வொரு முகமாகத் தெரியும்.

நாகைக்காரி சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். இரண்டும் வேறு என்பது சரி. அதற்காகப் போகவே வேண்டாம் என்பது சரியில்லை. வேறாக இருப்பதைப் பார்க்கத்தானே பயணமே?

பேராவூரணி இளைஞன்:
யாரும் அந்தக் கட்டடத்தின் பக்கம் நின்று பேசவில்லையே. 1975 ஜனவரியில் கின்னௌர் நிலநடுக்கத்தில் அடிபட்ட மடம் அது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. தட்டையான மண் கூரை, மழையே பெய்யாது என்ற நம்பிக்கையில் போட்டது. இப்போது மழை பெய்கிறது. கூரை ஒழுகினால் ஓவியத்தின் மேல்தான் சேறு வழியும். இதில் வண்டி வண்டியாக நாமும் போய் நின்று, மூச்சு விட்டு, பை உரசி, டார்ச் அடித்து... போகாமல் இருப்பதே நாம் செய்யும் நல்லது என்று நினைக்கிறேன்.

மாயவரம் டீச்சர்:
தம்பி, அது தொல்பொருள் மட்டும் இல்லை, ஆள் இருக்கும் மடம். 1996-ல் ஆயிரமாவது ஆண்டுக்குத் தலாய் லாமா வந்து காலசக்கரம் என்ற பௌத்த தீட்சைச் சடங்கு நடத்தியபோது கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள். அதற்கு முன் 1983-லும் நடத்தியிருக்கிறார். வரவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும், நாம் அதற்குக் கட்டுப்படுவோம். குழுவாகப் போனால் ஐந்தைந்து பேராக உள்ளே போங்கள், பையை வெளியே வையுங்கள்.

நம் பக்கத்து மடங்களை நினைத்துப் பாருங்கள். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சா. பாடம் கேட்டார். ஏடும் படிப்பும் சாப்பாடும் ஒரே இடத்தில் இருந்ததால் அது நடந்தது. மடத்தைக் காப்பாற்றுவது அங்கே வந்து போகும் மனிதர்கள்தான். நாகை விகாரைக்கு ஆள் வருவது நின்றது, அப்புறம்தான் அது வெறும் செங்கல் ஆனது.

பேராவூரணி இளைஞன்:
வந்து படித்தவர்கள் வேறு, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏறுபவர்கள் வேறு டீச்சர். உ.வே.சா. வருடக்கணக்கில் இருந்தார். நம் குழு ஒரு ராத்திரியாவது அங்கே தங்குமா?

குடந்தைப் பயணி:
தங்கும். தாபோவில் இரண்டு இரவு என்றுதான் திட்டம். அதற்காக ஸ்பிதியின் இன்னொரு பௌத்த மடமான கீ மடத்தை விட்டுவிடுகிறோம். அது 4,100 மீட்டருக்கு மேல், எங்கள் குழுவின் வயதுக்கு ஒத்துவராது. விடிகாலை ஓதுதலுக்கும் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை.

நாகைக்காரி:
டீச்சர் சொன்னதில் எனக்கு ஒரு வரி ஒப்பவில்லை. ஆள் வராததால் மட்டும் கோபுரம் விழவில்லை. 1867-ல் அது நின்றுகொண்டுதான் இருந்தது. கடலில் வந்தவர்களுக்கு அடையாளமாக இருந்தது. இடிக்க அனுமதி கேட்டார்கள், கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு ஊரே இருந்தது, அதன் குரல் ஆவணத்தில் இல்லை. அதனால்தான் நாம் இங்கே வந்து நிற்க வேண்டும் என்கிறேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், ஆனைமங்கலம் என்ற ஊர் இருக்கிறது, வயல் இருக்கிறது. அந்த 8,943 கலம் எங்கே விளைந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வெண்ணாற்றங்கரை:
அந்தக் கணக்கு என்னை உலுக்குகிறது அக்கா. 1006-லும் இதே காவிரித் தண்ணீர்தான். ஆனைமங்கலத்துக்கு நான் வருகிறேன். ஸ்பிதிக்கு என்னால் இந்த வருடம் முடியாது.

குடந்தைப் பயணி:
டெல்டாவிலிருந்து போகும் ரயில் எப்படியும் எழும்பூரில்தான் இறக்கிவிடும். டெல்லி ரயில் சென்ட்ரலில். இடையில் அரை நாள் கிடைக்கும். அருங்காட்சியகம் எழும்பூரிலேயே இருக்கிறது, நாகைத் திருமேனிகளை முதலில் பார்த்துவிட்டுத் தாபோவுக்கு ஏறலாம். நாகைக்குத் தனியாக ஒரு நாள் வைப்பதைக் குழுவில் கேட்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது.

நாகைக்காரி:
நாகைக்கு வராமல் போவதாக இருந்தால் என் கருத்தில் மாற்றம் இல்லை. எழும்பூர் போவதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. டிக்கெட் போடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.