கர்ப்பப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை மட்டும் பயன்படுத்தலாமா?

கேள்வி: பொருநை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 50. திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்துவிட்டது. அதற்கு முன்பே தொடங்கிய உடற்சூடு, இப்போது வகுப்பெடுக்க முடியாத அளவுக்கு வந்திருந்தது. கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்து, காது, தலை என்று ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது அடங்கியதும் மின்விசிறிக் காற்றே குளிராகத் தெரியும். பகலையாவது எப்படியோ சமாளித்துவிடலாம். இரவில் வேர்த்து நனைந்து பலமுறை விழித்துக்கொள்வதால், மறுநாள் பிள்ளைகள் மீதெல்லாம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. மேமோகிராமும் அடிவயிற்று ஸ்கேனும் இயல்பாக உள்ளன. அவற்றைப் பார்த்த பிறகே மருத்துவர், கையில் தடவிக்கொள்ள எஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், தினமும் இரவில் விழுங்க 100 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூலும் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களிலேயே அனல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. சிக்கல் கேப்ஸ்யூலில்தான். இரவு உணவை முடித்த கையோடு அதைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால், தலை கிறுகிறுத்து எழுத்தெல்லாம் அலைகிறது.

என் தங்கைக்கு ஃபைப்ராய்டு கட்டிகளுக்காகக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவளும் இதே ஜெல்லைத்தான் தடவுகிறாள்; அவளுக்குக் கேப்ஸ்யூல் கிடையாது. பயன் தருவது ஜெல்தான் என்றால், நானும் கேப்ஸ்யூலை விட்டுவிட்டு அதை மட்டும் தொடரலாமா? என் நாத்தனாரோ, ஹார்மோன் என்றாலே மார்பகப் புற்றுநோயில்தான் கொண்டுபோய் விடும் என்று சொல்லி, இரண்டையுமே நிறுத்தச் சொல்கிறார்.

பதில் 1: ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு, கேப்ஸ்யூலை மட்டும் நிறுத்திவிட்டு ஜெல்லைத் தொடராதீர்கள். இரண்டையும் ஒருசேர நிறுத்தினால் பழைய அனல் திரும்பி வரும், அவ்வளவுதான்; ஆனால் கேப்ஸ்யூலை மட்டும் நிறுத்துவது இரண்டையும் நிறுத்துவதைவிட ஆபத்தானது.

அனலைத் தணிப்பது ஈஸ்ட்ரோஜன்தான் என்று நீங்கள் புரிந்துகொண்டது சரியே. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், மூளையின் அடித்தளத்தில் உடல் வெப்பத்தை ஒழுங்குபடுத்தும் பகுதி மிகச் சிறிய வெப்ப மாற்றத்தையும் பெருஞ்சூடாக எடுத்துக்கொண்டு, ரத்த நாளங்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. ஜெல்லிலிருந்து தோல்வழியே ரத்தத்தில் கலக்கும் எஸ்ட்ரடயால் அந்தப் பகுதியை நிதானத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்து மூளைக்கு மட்டும் போவதில்லை. கர்ப்பப்பையின் உட்சவ்வையும் அது வளரத் தூண்டுகிறது. மாதவிடாய் இருந்த காலத்தில், உங்கள் சினைப்பையே மாதத்தின் பிற்பாதியில் புரோஜெஸ்ட்ரோனைச் சுரந்து அந்த வளர்ச்சிக்கு அணை போட்டது. இப்போது அந்த வேலையைச் செய்ய அந்தக் கேப்ஸ்யூலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்ட பெண்களிடம் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1975இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பின்னர் பெபி என்ற ஆய்வில், கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு மூன்றாண்டுகள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 62 பேருக்கு உட்சவ்வு ஏதோ ஒரு வகையில் மிகையாக வளர்ந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது நூற்றுக்கு 2 பேர் அளவில்தான். புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்து எடுத்தவர்கள் ஏறக்குறைய வெற்று மாத்திரைக்காரர்களின் நிலையிலேயே இருந்தார்கள். உங்கள் தங்கைக்குக் கர்ப்பப்பையே இல்லாததால் காக்க வேண்டிய உட்சவ்வும் இல்லை. ஆகவே அவருக்கு ஜெல் மட்டுமே சரியான சிகிச்சை. ஒரே வீட்டில் இரண்டு மருந்துச் சீட்டுகள் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

இனி அந்தக் கிறுகிறுப்பு. புரோஜெஸ்ட்ரோன் உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள், தூக்க மருந்துகளைப் போலவே மூளையில் வேலை செய்கிறது. உணவோடு எடுத்தால் மருந்து பல மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படும். நீங்களோ சாப்பிட்ட கையோடு விழுங்கிவிட்டு வேலைக்கு உட்காருகிறீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து, விடைத்தாள்களை எடுத்துவைத்துவிட்டு, படுக்கப்போகும்போது விழுங்கிப் பாருங்கள். பகலில் தொந்தரவாக இருக்கும் அதே தூக்கம் இரவில் உங்களுக்கு வேண்டியதுதானே. அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால், அதே கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பு வழியாக வைப்பது, டைட்ரோஜெஸ்ட்ரோன் மாத்திரைக்கு மாறுவது, லீவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனத்தைப் பொருத்திக்கொள்வது என்று வேறு வழிகள் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உங்கள் நாத்தனாரின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. அது பரவியது 2002 ஜூலையில். மகளிர் நல முன்னெடுப்பு என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும், மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் என்ற செயற்கைப் புரோஜெஸ்ட்ரோன் வகையும் சேர்ந்த மாத்திரை எடுத்த பிரிவை அப்போது பாதியில் நிறுத்தினார்கள். ஓராண்டில் 10,000 பெண்களில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 பேர் வீதம் வந்த மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் எடுத்தவர்களுக்கு 38 பேர் வீதம் வந்தது. கூடுதல் 8 பேர். செய்தித்தாள்களில் அது 26 விழுக்காடு உயர்வு என்று வந்ததால் உலகமே மிரண்டது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அவர்கள் எடுத்தது சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன், அதுவும் மாத்திரையாக. கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவே இல்லை.

அதற்காக அபாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மேலை நாட்டுப் பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான பெரிய ஆய்வு, 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் இரண்டு ஹார்மோன்களையும் தினமும் எடுத்தால், அடுத்த இருபதாண்டுகளில் சுமார் 50 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மார்பகப் புற்றுநோய் கூடும் என்று கணக்கிட்டது. ரத்தக்கட்டு அபாயம் வேறு வகை: விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் நேரே கல்லீரலுக்குச் சென்று ரத்தம் உறைய உதவும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது, தோல்வழி மருந்து அப்படிச் செய்வதில்லை. உங்களுக்கு ஜெல் எழுதிய மருத்துவர் இதை எண்ணியே எழுதியிருப்பார். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள், கடும் அனலால் அவதிப்படும் ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. ஆண்டுக்கொரு முறை தேவையை மறுபரிசீலனை செய்துகொள்ள வேண்டும்.

பதில் 2: மருந்தாளுநர்

டாக்டர் அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கோயில் கொடை, கல்யாணம், சபரிமலை என்று வரும்போது விலக்கைத் தள்ளிப்போட எங்கள் கடைக்கு வந்து கேட்கும் மாத்திரை நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். அதுவும் ஹார்மோன், இதுவும் ஹார்மோன் என்று எண்ணி, வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையை எடுத்து இந்தக் கேப்ஸ்யூலுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தும் வேறு, அளவும் வேறு, அதனால் வரும் பக்கவிளைவும் வேறு. பொருநை அக்கா அப்படி எதையும் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

ஜெல்லைப் பற்றியும் ஒரு சொல். 0.06 விழுக்காட்டு ஜெல்லில் 2.5 கிராம் எடுத்தால் 1.5 மில்லிகிராம் எஸ்ட்ரடயால் இருக்கும். ஆகவே பற்பசை பிதுக்குவது போல் கண்ணளவில் எடுக்காமல், குழாயோடு தரும் அளவுகோலில் வைத்து எடுங்கள். தோள்முதல் மணிக்கட்டு வரையோ தொடையிலோ மெல்லப் பரப்பி, காயவிட்டு, பிறகே துணி உடுத்துங்கள். மார்பில் தடவக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடவிய இடம் காயும் முன் பேரப்பிள்ளைகளைத் தூக்க வேண்டாம்.

பதில் 3: கொங்கு மகள்

எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகி, அது திரும்பாமல் இருக்க டமாக்ஸிஃபென் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த ஜெல்லோ கேப்ஸ்யூலோ எனக்குக் கிடையாது. என்னைப் போன்றவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். எனக்கு வெனலாஃபாக்ஸின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். அது மனச்சோர்வுக்கான மருந்து என்று பெட்டியில் படித்துவிட்டு என் கணவர் கலவரப்பட்டார். அனலைக் குறைக்கவும் அதைத் தருவார்கள் என்று புற்றுநோய் மருத்துவரே அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. முழுதும் நிற்கவில்லை, ஆனால் இரவில் உறங்க முடிகிறது. மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான பராக்ஸிடின் டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுக்கும் என்று சொல்லி எனக்குத் தவிர்த்துவிட்டார். வேறு மருத்துவரிடம் போகும்போது அந்தப் பெயரை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

பொருநை

டாக்டர் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. கேப்ஸ்யூலை விடவில்லை, படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டதில் கிறுகிறுப்பு தூக்கத்தோடு போய்விடுகிறது. இரண்டு கேள்விகள் மிஞ்சியிருக்கின்றன. உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் தந்து, கேப்ஸ்யூலுக்குப் பதில் இதைச் சாப்பிடு என்கிறார். அடுத்தது, சென்ற வாரம் இரண்டு நாள் லேசாக உதிரம் பட்டது. ஓராண்டுக்குப் பிறகு பட்டதால் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர், மதுரை

லேகியத்தைக் கேப்ஸ்யூலின் இடத்தில் வைக்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் தூண்டும் உட்சவ்வு வளர்ச்சியை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சாப்பிடத்தான் வேண்டும் என்றால் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், சர்க்கரை எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஹார்மோன்களையும் தொடர்ந்து எடுக்கத் தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் இப்படி லேசாகப் படுவது பலருக்கு உண்டு. தேதியைக் குறித்துவைத்து, அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். இடையில் எந்த இரவாவது கேப்ஸ்யூல் விட்டுப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அளவு கூடினாலோ, ஆறு மாதம் தாண்டியும் பட்டாலோ, ஒருமுறை முற்றிலும் நின்று பிறகு திரும்பி வந்தாலோ, பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே போங்கள். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உட்சவ்வின் தடிப்பை அளந்து, தேவைப்பட்டால் சிறிது சவ்வை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். வெளிநோயாளியாகவே செய்துகொள்ளலாம், அன்றே வீடு திரும்பிவிடலாம்.