ஹாண்டில் உதறுகிறது: ரயரா, கோனா?

பூநகரிப் பயணி
வணக்கம். என்னுடையது 125 சிசி வண்டி, ஸ்போக்ஸ் சில்லு, 46,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. யாழ்ப்பாணத்து நாவற்குழியில் இருந்து ஏ32 வீதியால் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, கிழமைக்கு மூன்று நாள் பூநகரிக்குப் போய்வருகிறேன். இரண்டு மாதமாக முன்பக்கம் சரியில்லை. 60இல் ஓடிக்கொண்டிருந்துவிட்டு வேகத்தைக் குறைத்தால் 55க்கும் 45க்கும் இடையில் ஹாண்டில் படபடவென்று உதறுகிறது. இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். கரியரில் இரண்டு வெங்காய மூட்டை கட்டிக்கொண்டு 75ஐத் தாண்டினால் வண்டி முழுவதுமே பாம்புபோல் நெளிகிறது. ஒரு கராஜில் முன் ரயரை மாற்றச் சொன்னார்கள். இன்னொரு கராஜில் கோன் செட் (ஹாண்டில் கழுத்து சுழல உதவும் கிண்ணங்களும் குண்டுகளும்) பழுது என்று சொல்லி, அதன் நட்டை நன்றாக இறுக்கியும் விட்டார்கள். ஒரு கிழமை உதறல் இல்லை. ஆனால் மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்க மறுத்து அங்குமிங்கும் அலைந்தது. இப்போது உதறலும் திரும்பிவிட்டது. இரண்டையும் மாற்றக் கையில் பணம் இல்லை. எதை முதலில் செய்வது?

பழைய ஸ்பானர்
தம்பி, கோன்தான். 35 வருடம் இந்த வேலை செய்த கை சொல்கிறது. வண்டியை நடு ஸ்ராண்டில் ஏற்றி, பின்னால் ஒருவரை இருத்தி முன்சில்லைத் தரையில் இருந்து தூக்குங்கள். இரண்டு விரலால் ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேரே வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் 'டக்' என்று நின்றால் கிண்ணத்தில் தடம் விழுந்துவிட்டது. ஓடும் நேரமெல்லாம் ஹாண்டில் நேராகவே நிற்பதால் குண்டுகள் ஒரே இடத்தில் அடிபட்டு அங்கே குழி தோண்டிவிடுகின்றன. அதை இறுக்கினால் நோய் மறையும், போகாது. மெதுவாகப் போகையில் அலைந்தது இறுக்கியதால்தான்.

கொக்குவில் மாணவன்
ஐயா சொன்ன சோதனை சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. வேகம் குறையும்போது மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் நான் முதலில் ரயரைத்தான் பார்ப்பேன். செக்கனுக்கு இத்தனை தடவை என்று முன்பக்கத்துக்குச் சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு. சில்லு சுற்றும் வேகம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில் சிறிய கோணலும் பெரிய உதறலாகிவிடும். உள்ளங்கையை ரயரின் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் அரத்தைத் தொட்டதுபோலவும் இருந்தால் ரயரின் தடக் கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு இங்கே பழைய வண்டிகளை வைத்தே எல்லோரும் சமாளித்தோம். தடம் தேயவில்லை என்பதற்காகக் கல்லாகிப்போன ரயரோடு ஓடுகிறவர்கள் ஏராளம்.

பழைய ஸ்பானர்
தேய்ந்த ரயரோடு உதறாமல் ஓடும் வண்டி நூறு காட்டுவேன். தொண்ணூறுகளில் போர்க்காலப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலத்தில் ரயர் எங்கே இருந்தது? நூல் தெரியத் தெரிய ஓடினோம். கோன் செட்டும் கிடைக்காது. கிண்ணத்தைத் தட்டிக் கழற்றி, குழி நேரே வராமல் சற்றுத் திருப்பி அடித்து, அளவு ஒத்துவரும் சைக்கிள் குண்டுகளைப் போட்டு, கிறீஸ் அப்பி அனுப்புவோம். ரயர் அதே ரயர், உதறல் நின்றுவிடும். அப்படியானால் காரணம் எது?

கொக்குவில் மாணவன்
ஐயா, அந்த நாளைய கைவேலையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் உதறலைத் தொடக்குவது ஒன்று, அதை அடக்காமல் விடுவது இன்னொன்று. கோன் தளர்ந்தால் அடக்கும் பிடி போகிறது. தொடக்குகிற கோணல் சில்லில் இருந்தால் அது அங்கேயே இருந்து அடுத்த கோனையும் தின்னும்.

வல்லைவெளிக் காற்று
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. இவர் சொன்னவை இரண்டு வேறு முறைப்பாடுகள். 50இல் ஹாண்டில் மட்டும் வேகமாக உதறுவது ஒன்று. 75க்கு மேல் பாரத்தோடு வண்டி முழுவதும் மெதுவாக நெளிவது வேறு. இரண்டாவதற்கு முன்பக்கத்தில் என்ன மாற்றினாலும் பெரிய பலன் இராது. மூட்டை பின் அச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்சில்லு பாரம் இழந்து மிதக்கும். சங்குப்பிட்டியில் கடல்நீரேரியின் பக்கக் காற்று அடித்தால் சொல்லவே வேண்டாம். பின் ரயரில் எவ்வளவு காற்று வைக்கிறீர்கள்? என் வண்டியின் ஒட்டுத்தாளில் முன் 25 பிஎஸ்ஐ, பின் 28, பின்னால் ஒருவர் இருந்தால் 32 என்று போட்டிருக்கிறது. உங்கள் வண்டியின் அளவு, பின்சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ சங்கிலி மூடியிலோ ஒட்டியிருக்கும். ஸ்விங் ஆர்ம் அசையும் மூட்டில் உள்ள புஷ்ஷையும் பாருங்கள். பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் அசையவே கூடாது.

சுன்னாகம் சந்தைக்காரன்
நானும் மூட்டை ஏற்றுகிறவன்தான். இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ஹாண்டிலுக்கு, அதன் ஆட்டத்தை அடக்கும் ஒரு டம்பர் பூட்டிவிட்டால் முடிந்தது. பெரிய வண்டிகளில் கம்பனியே பூட்டி விற்கிறது. உதறத் தொடங்கினால் முறுக்கிக் கொடுங்கள், தாண்டிவிடும்.

வல்லைவெளிக் காற்று
அண்ணா, தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். பெரிய வண்டியில் டம்பர் பூட்டுவது நல்ல நிலையில் உள்ள முன்பக்கத்துக்கு மேலதிகக் காவல். பழுதான கோனுக்கு மேல் அதைப் பூட்டினால் எச்சரிக்கை மணியைத் துணியால் சுற்றுகிறோம். முறுக்குவது அதைவிட ஆபத்து. அந்த நேரம் தாண்டினாலும் பிறகு வேகம் குறைத்துத்தானே ஆகவேண்டும்? மறுபடி அதே 50ஐக் கடக்கவேண்டும், அதுவும் இன்னும் மேலே இருந்து இறங்கி. உதறினால் கையைத் தளர்வாக வைத்து, முழங்காலால் டாங்கியை அணைத்து, உடம்பைச் சற்று முன்னே சாய்த்து, வேகத்தை மெல்லக் குறையவிடுங்கள். முன் பிறேக்கை அமுக்க வேண்டாம்.

பழைய ஸ்பானர்
இதில் காற்றுத் தம்பியோடு நான் ஒரே பக்கம். ஆனால் உதறலைச் சோதிக்கக் கையை முழுதாக விட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நான் அப்படித்தான் பார்ப்பேன்.

வல்லைவெளிக் காற்று
உங்களுக்குக் கை பழகியிருக்கிறது ஐயா. இதை வாசித்துவிட்டு 18 வயதுப் பிள்ளை ஒன்று ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் கையை விடும். பிடியைத் தளர்த்தினாலே உதறல் தெரியும், அதுவே போதும்.

பூநகரிப் பயணி
ஞாயிறு முழுவதும் வண்டியோடு இருந்தேன். முன்சில்லைத் தூக்கி ஹாண்டிலைத் திருப்பினேன். பழைய ஸ்பானர் ஐயா சொன்ன 'டக்' நேரே நடுவில் இருந்தது. முன்சில்லைத் தாங்கும் போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன், தளர்வு இல்லை, இறுக்கம்தான் அதிகம். ஒரு ஈர்க்கைப் போர்க்கில் கட்டி, நுனியை விளிம்பின் அருகே நிறுத்திச் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் ஈர்க்கு உரசியது, எதிர்ப்பக்கத்தில் ஒரு நெல்மணி நுழையும் இடைவெளி. இரண்டு ஸ்போக்ஸ் கம்பி தட்டினால் மற்றவைபோல் ஒலிக்கவில்லை, மொத்தென்று கேட்டது. ரயர் இலக்கம் 4116. தடவினால் அரம்போலத்தான் இருக்கிறது. பின் ரயரில் காற்று 20தான் இருந்தது.

கொக்குவில் மாணவன்
4116! ரயரை இன்றே மாற்றுங்கள் அண்ணா.

பழைய ஸ்பானர்
நடுவில் 'டக்' என்று தானே சொல்கிறார், தம்பி. கோன் செட்டும் கிறீஸும் ரயரின் விலையில் சிறு பங்குதான். முதலில் அதைச் செய்யட்டும். இரண்டு கம்பியையும் இறுக்கிச் சில்லை நேர் பார்க்கட்டும். கோனைப் பூட்டும்போது நட்டை இறுக்கி, ஹாண்டிலைப் பலமுறை இருபுறமும் திருப்பிக் கிண்ணங்களை அமரவிட்டு, பிறகு சற்றுத் தளர்த்துங்கள். மேல் நட்டைப் பூட்டும்போது பிடி மறுபடி இறுகும், ஆகவே அதன்பிறகும் ஒருமுறை பாருங்கள். சில்லு தூக்கிய நிலையில் ஹாண்டிலை விரலால் தொட்டுவிட்டால் தன் பாரத்திலேயே கரைக்குப் போய் விழவேண்டும். வயர்கள் இழுத்துப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூநகரிப் பயணி
கோன் செட் போட்டாயிற்று. பழைய கிண்ணத்தைக் கழுவிப் பார்த்தேன். குண்டுகள் நின்ற இடமெல்லாம் விரல்நகம் தடக்கும் குழிகள், கிறீஸ் இருந்த இடத்தில் செங்கபில நிறத் துரு. பிரஷர் பம்பால் அடித்துக் கழுவியதன் பலனாக இருக்கவேண்டும், இனி முன்கழுத்துப் பக்கம் அடிக்க விடமாட்டேன். மூட்டைகளைக் கரியரின் நுனியில் இருந்து இருக்கைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தேன், பின் ரயரில் அளவுக்குக் காற்று வைத்தேன். நேற்றுப் பாலத்தில் 70இல் போனேன், நெளியவே இல்லை. ஆனால் 50இல் அந்த உதறல் பாதியாகக் குறைந்திருக்கிறதே தவிர, போகவில்லை.

கொக்குவில் மாணவன்
பணத்தைப் போடுமுன் ஒரு சோதனை. அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் யாரிடமாவது முன்சில்லை ஒரு மணிநேரம் இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். உங்கள் சில்லை அவருடைய வண்டியில் பூட்டி அவரை ஓட்டச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர்
நல்ல யோசனை. இதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

பூநகரிப் பயணி
மச்சானுக்கும் இதே வண்டிதான். இன்று காலை முன்சில்லுகளை மாற்றிப் பூட்டி, தச்சன்தோப்புவரை போய்வந்தோம். என் வண்டியில் உதறல் அடியோடு இல்லை. அவனுடைய வண்டி 50இல் உதறியது. கீழே இறங்கியதும் என் சில்லைக் கழற்றித் தரச் சொன்னான். பின்னேரம் ரயர் வாங்கப் போகிறேன்.