ஓடுகிற காரை எதற்குப் பிரிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சொல்லியே நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். பழுது வரக்கூடிய பாகத்தை மாற்றித் தர காரைத் திரும்ப அழைத்து நிறுவனம் அனுப்பும் ரீகால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் பம்புக்குள் சுழலும் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளில் ஊறி உப்பிவிடக்கூடும், அப்படி நடந்தால் பம்ப் இறுகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடக்கூடும், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கடிதத்தில் இருந்தது. என் காரோ ஆறு வருடத்தில் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. "கம்பெனியில் பூட்டியது பூட்டியபடி இருக்கட்டும். பிரித்தால் ஒன்று இல்லாவிட்டால் ஒன்று வரும்" என்றார் என் அண்ணன். இருபது வருடமாகக் கார் வைத்திருப்பவர். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. இலவசம் என்று கூப்பிட்டு வேறு பட்டியலை நீட்டுவார்களோ என்ற சந்தேகம் வேறு.

2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்த கார்களைப் பற்றிப் படித்த பிறகுதான் மனம் மாறியது. சாவி போடும் சுவிட்சில் பிடிப்பு போதவில்லை. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் இடித்தாலோ சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்துவிடும். மோதினால் ஏர்பேக்கும் விரியாது. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. அந்தக் கார்களும் விபத்துக்கு முந்தைய நாள் வரை ஓடிக்கொண்டிருந்தவைதானே! இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் லேசாக இருக்கும், பிறகு முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். நான் சமாளித்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் காரை அதிகம் ஓட்டுவது ஓட்டுநர் உரிமம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத என் மகள். அது உறைத்த அன்றே பணிமனைக்குத் தொலைபேசியில் பேசினேன்.

பதினேழு இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கேட்டார்கள், உதிரிபாகம் இருப்பில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு நாள் கொடுத்தார்கள். பின் இருக்கையைத் தூக்கினால் கீழே வட்ட மூடி. மெக்கானிக் முதலில் குழாயில் இருந்த அழுத்தத்தை இறக்கினார், பிறகு வளையத்தைத் திருகி, பெட்ரோல் சொட்டச் சொட்டப் பம்பை வெளியே எடுத்தார். குனிந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, நிறம்கூட மங்கவில்லை.

"இதில் பழுது எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"வெளியே தெரியாது சார். எனக்கே தெரியாது. எந்தத் தேதியில் செய்தது என்று பார்த்துத்தான் மாற்றுகிறோம்" என்றார்.

நான்கு மாதமாகக் கார் நன்றாக ஓடுகிறது என்பதையே சான்றாக வைத்திருந்தேன். பம்பைத் தினமும் கழற்றி மாட்டுகிற மனிதருக்கே பார்த்துச் சொல்ல முடியாதபோது, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வைப்பரை மாற்றலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன், வற்புறுத்தவில்லை. ரீகால் எண் குறித்த வேலைச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

*

மேலே எழுதியவரே, உங்களுக்காவது கடிதம் வந்தது. நான் வாங்கியது பழைய கார். கடிதம் போனது முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்கு. தற்செயலாக நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். முன் பயணி பக்கத்து ஏர்பேக்கை மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை என்று காட்டியது. அதை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து, உலோக உறையையே சில்லுகளாக முகத்தில் வீசும். காப்பதற்காக வைத்த பொருளே ஆளைக் குத்துகிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். இதைக் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அம்மா அங்கேதான் உட்காருவார். மூன்று வாரமும் பின்னால் உட்கார வைத்தேன். பழைய கார் வாங்கியவர்கள் தயவுசெய்து இன்றே எண்ணைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஓரிரு முறை மறுபடியும் பாருங்கள், புதிய அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

*

முதலில் எழுதியவரின் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கும் அதே போன்ற பம்ப் மாற்றம்தான். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கதவைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் வாடை. ஓட்டாமல் தொலைபேசியில் அழைத்தேன், ஆள் வந்து பார்த்தார். மூடியின் கீழே இருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. பயந்துதான் போனேன். ஆனாலும் செய்யாமலே விட்டிருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மடங்கிய வளையத்தை என் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. உப்பிய சக்கரத்தை எதுவும் கண்டுபிடித்திருக்காது.

காரைத் திரும்ப எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பின் இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வாடை வந்தால் அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.