குக்கீயால் வந்த தொல்லைகள்: பார்த்ததைப் பகிருங்கள்

வலைவாசி
ஒரே ஒரு தளம் மட்டும் திறக்காது. வெள்ளைப் பக்கம், ‘400 பேட் ரெக்வஸ்ட்’, கீழே பொடி எழுத்தில் ‘குக்கீ டூ லார்ஜ்’. குக்கீ என்பது நம்மை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பு. அது அளவு மீறிவிட்டதாம். அதே தளம் இன்காக்னிட்டோவில் (பழைய குக்கீ இல்லாத தனி விண்டோ) சட்டென்று வந்துவிடும். எரிச்சலே அதுதான். இணைப்பில் கோளாறில்லை, தளமும் படுத்துவிடவில்லை. தளத்தில் ஒட்டியிருக்கும் விளம்பர, கணக்கெடுப்பு ஸ்கிரிப்டுகள் ஆளுக்கு நாலு குக்கீ போட்டுவைக்கின்றன. பக்கம் கேட்டு பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு ரெக்வஸ்ட்டோடும் அத்தனையும் சேர்ந்தே போகும். என்ஜின்எக்ஸ் (nginx) என்ற சர்வர் மென்பொருளில் ஒரு ஹெட்டருக்கு (ரெக்வஸ்ட்டின் தலைப்பு வரி, குக்கீகள் போவது இதில்தான்) வழக்கமான உச்சவரம்பு 8 கேபி. தாண்டினால் கதவடைப்பு. ரீலோடு அடித்துப் பயனில்லை, போவது அதே மூட்டைதான். அந்தத் தளத்தின் குக்கீயை அழித்தால் சரியாகிவிடும்.

எஃப்12
“அழித்தால் சரியாகிவிடும்” என்று ஒரு வரியில் முடித்தால் எப்படி, வலைவாசி? படிக்கிறவர் நேரே ‘கிளியர் பிரவுசிங் டேட்டா’ போய் ‘ஆல் டைம்’ கொடுத்து, எல்லாத் தளத்திலிருந்தும் லாகவுட் ஆகி நிற்பார். ‘குக்கீ வேண்டாம்’ என்று சொன்ன விருப்பமும் ஒரு குக்கீயில்தான் இருக்கும். அதுவும் போய், பேனர்கள் மறுபடி வரிசைகட்டும்.

கணினி குரோமில்: முகவரிக்கு இடப்பக்க ஐகான், ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’, ‘மேனேஜ் ஆன்-டிவைஸ் சைட் டேட்டா’, குப்பைத்தொட்டி. பயர்பாக்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் ‘மேனேஜ் டேட்டா’. தளத்தின் பெயரைத் தேடி நீக்கலாம்.

லாகினைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எஃப்12 அழுத்தி ‘அப்ளிகேஷன்’ (பயர்பாக்ஸில் ‘ஸ்டோரேஜ்’) டேபில் குக்கீகளைப் பாருங்கள். ‘சைஸ்’ தலைப்பை ஓரிரு முறை சொடுக்கினால் பெருத்தவை மேலே வரும். ‘_ga’ என்று தொடங்குபவை கூகுள் அனலிட்டிக்ஸ் வகையறா, தயங்காமல் நீக்கலாம். ‘எச்டிடிபிஒன்லி’ (பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் படிக்க முடியாதவை) டிக் உள்ளவற்றில்தான் பெரும்பாலும் லாகின் இருக்கும், கை வைக்காதீர்கள்.

அரைக்கட்டணம்
பணம் கட்டி முடித்துத் தளத்துக்குத் திரும்பினால் ‘லாகின் செய்யவும்’. வயிற்றைக் கலக்கும் நொடி அது. இதில் குறை தளக்காரர்களுடையது. 2020-இல் குரோம் 80 வந்ததிலிருந்து, சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கீ கூடவே போகலாமா என்ற குறிப்பு) குறிப்பிடாத குக்கீ ‘லாக்ஸ்’ (அரைக் கட்டுப்பாடு) என்றே கொள்ளப்படுகிறது. வேறு தளத்திலிருந்து (இங்கே பணம் கட்டும் பக்கம்) போஸ்ட் முறையில், அதாவது படிவம் அனுப்புவதுபோல், திரும்பும்போது லாக்ஸ் குக்கீ கூடவே போகாது. குறிப்பே இல்லாத குக்கீக்கு, அது பதிந்த முதல் 2 நிமிடம் மட்டும் குரோம் சலுகை தந்தது. ஓடிபியைச் சட்டென்று போட்டவருக்கு வேலை செய்யும், தாமதித்தவருக்குச் செய்யாது. அதனால்தான் சோதனையில் தப்பிய பிழை வாடிக்கையாளரிடம் மாட்டுகிறது. தளக்காரர்களே, ‘சேம்சைட்=நன்’ (எங்கிருந்து வந்தாலும் அனுப்பு) போடுங்கள், கூடவே ‘செக்யூர்’ (எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும்). இரண்டாவது இல்லாவிட்டால் பிரவுசர் குக்கீயையே ஏற்காது.

பணம் கட்டியவர் உடனே மறுபடி கட்டிவிட வேண்டாம். குக்கீ அழியவில்லை, அந்த ஒருமுறை போகவில்லை, அவ்வளவுதான். புது டேபில் தளத்தைத் திறந்தால் பெரும்பாலும் லாகின் அப்படியே இருக்கும். சர்வர் புது செஷன் குக்கீயை (இந்த வருகைக்கான அடையாளம்) அதன்மேல் எழுதியிருந்தால்தான் இருக்காது.

மூடியதிறப்பு
செஷன் குக்கீ, அதாவது காலாவதித் தேதி இல்லாதது, பிரவுசரை மூடினால் போய்விடும் என்பது பாதி உண்மை. ‘கண்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்’ ஆனில் இருந்தால் குரோம் டேபுகளோடு அதையும் மீட்டுக்கொண்டு வரும். பொதுக்கணினியில் மூடுவதை நம்பாதீர்கள், லாகவுட் பட்டனை அழுத்துங்கள்.

சாவிக்கொத்து
பாஸ்வேர்டு மாற்றி, ஓடிபி போட்ட பிறகும் வேறொருவர் கணக்குக்குள் உலவுகிறார். திருடுபோனது பாஸ்வேர்டு அல்ல, லாகின் முடிந்தபின் கிடைக்கும் குக்கீ. அதைக் காட்டினால் சர்வர் எதையும் கேட்காது. எஃப்12 சொன்ன எச்டிடிபிஒன்லி, பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் கண்ணிலிருந்துதான் மறைக்கும். கணினிக்குள் புகுந்த திருட்டு மென்பொருளுக்கு அது தடையில்லை. உங்கள் பிரவுசரில் குக்கீயை அழித்தாலும் போவது உங்கள் பிரதி மட்டும், சர்வரில் அந்த செஷன் உயிரோடுதான் இருக்கும். முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு ‘சைன் அவுட் ஆஃப் ஆல் டிவைசஸ்’, அதன்பின் பாஸ்வேர்டு. வரிசை மாறினால் புதுக் குக்கீயும் களவுபோகும்.