அப்டேட்டுக்குப் பிறகு பாதி நேரம்தான் சார்ஜ் நிக்குது: கோளாறு பேட்டரியிலா, டிரைவரிலா?

நிலாகோடர்
விண்டோஸ் 11, 23எச்2 பதிப்பிலிருந்து 24எச்2 பதிப்புக்கு மாறி நாலு நாள் ஆகுது. 14 இன்ச் லேப்டாப், இன்டெல் 12ஆம் தலைமுறை சிப், கூடவே தனி என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். பிரவுசரும் எடிட்டரும் மட்டும் திறந்திருந்தா முன்னாடி அஞ்சரை மணி நேரம் வரும். இப்போ மூணு மணி நேரம்தான். ராத்திரி மூடி வெச்சா எட்டு மணி நேரத்துல 18% காணாமப் போகுது. பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன்: டிசைன் கெபாசிட்டி 50,000 மில்லிவாட்-மணி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 39,000, சார்ஜ் சைக்கிள் (முழுசா ஏத்தி இறக்கின கணக்கு) 310. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

சர்வீஸ்பெஞ்ச்
பதில் உங்க ரிப்போர்ட்லயே இருக்கு. 50 இருந்தது 39 ஆயிடுச்சு, 22% போச்சு. 300 சைக்கிள் தாண்டின லித்தியம் பேட்டரிக்கு இதுதான் வயசு. அப்டேட் போட்ட அன்னைக்குத்தான் எல்லாரும் சார்ஜ் அளவைக் கவனிக்கிறாங்க, அதான் பழி அப்டேட் மேல விழுது. பேட்டரியை மாத்துங்க. பழைய பேட்டரி மேல அச்சடிச்ச பார்ட் நம்பர், வோல்ட், வாட்-மணி மூணையும் பார்த்து வாங்குங்க. மாடல் பேரை மட்டும் சொல்லி வாங்கினா கனெக்டர் மாறி வரும்.

வாட்மீட்டர்
தேய்மானம் உண்மைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது, சர்வீஸ்பெஞ்ச் சார். 39 வாட்-மணி பேட்டரி அஞ்சரை மணி நேரம் தாங்கினால் மெஷின் சராசரியாக 7 வாட் எடுத்திருக்கிறது. அதே 39 மூன்று மணி நேரத்தில் தீர்ந்தால் 13 வாட். பேட்டரி தேய்ந்தால் தொட்டி சிறிதாகும். குழாய் ஏன் இரண்டு மடங்கு திறக்க வேண்டும்? ராத்திரிக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 39-இல் 18% என்றால் 7 வாட்-மணி, எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 0.9 வாட். தூங்கும் லேப்டாப்புக்கு இது அதிகம். எட்டு மணி நேரத்தில் ஐந்தாறு சதவீதம் போனால் சரி எனலாம்.

நிலா, ரிப்போர்ட்டில் கீழே 'பேட்டரி கெபாசிட்டி ஹிஸ்டரி' என்றொரு அட்டவணை இருக்கும், வாரவாரியாக. அப்டேட்டுக்கு முந்தைய வாரத்தில் ஃபுல் சார்ஜ் எவ்வளவு என்று பாருங்கள். அப்போதும் 39,000-க்கு அருகில் இருந்தால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. புது 50-ஐப் போட்டாலும் 13 வாட் கணக்கில் நாலு மணி நேரத்தைத் தொடாது.

பொறுமைசாலி
நாலு நாள்ல தீர்ப்பு சொல்லாதீங்கப்பா. 24எச்2-க்குப் போறது மாசாந்திர பேட்ச் மாதிரி இல்ல, சிஸ்டம் முழுசாவே புதுசா ஏறுது. அதுக்கப்புறம் தேடல் இண்டெக்ஸ் திரும்பக் கட்டும், டிஃபெண்டர் எல்லா ஃபைலையும் மறுபடி மேயும், டாட்நெட் தன்னோட லைப்ரரிகளைத் திரும்ப கம்பைல் பண்ணும், பழைய சிஸ்டம் ஃபைல்களைத் துப்புரவு பண்ற வேலை பின்னாடி ஓடும். மேக்லயும் இதே கதைதான், அங்க ஸ்பாட்லைட்டும் போட்டோ அலசலும். ஒரு ராத்திரி சார்ஜர்ல போட்டு, ஸ்லீப் ஆகாதபடி வெச்சுட்டுப் போங்க, அதுபாட்டுக்கு முடிச்சுக்கும். பேட்டரில ஓட்டுறப்போ இந்த வேலைகள் தள்ளிப் போட்டுப் போட்டு வாரக்கணக்குல இழுக்கும்.

வாட்மீட்டர்
ஐயா, காத்திருப்பதில் தவறில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிய வேண்டும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சர்ச்சிங் விண்டோஸ் பக்கத்தில் இண்டெக்ஸ் முடிந்ததா, இன்னும் எத்தனை பாக்கி என்று எழுதியிருக்கும். பாக்கி பூஜ்யம் ஆகி, டாஸ்க் மேனேஜரில் சிபியு 2–3 சதவீதத்திலேயே நின்று, அப்போதும் 13 வாட் எடுத்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது. அளப்பதற்குச் செலவும் கிடையாது: எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து, சார்ஜரைக் கழற்றி, வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பேட்டரி பகுதியில் 'சார்ஜ் ரேட்' வரிசை மைனஸில் வாட் காட்டும். இந்த மாதிரி 14 இன்ச் மெஷினுக்கு 4-இலிருந்து 7 வரை இயல்பு.

அளக்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். பவர் அண்ட் பேட்டரி பக்கத்தில் பவர் மோட் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருக்கிறதா? அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ஸ்கிரீன் 120 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கிறதா? டிஸ்ப்ளே டிரைவர் (ஸ்கிரீனை இயக்கும் மென்பொருள்) மாறும்போது இந்த ஹெர்ட்ஸ் சத்தமில்லாமல் மாறிவிடுவதுண்டு.

நிலாகோடர்
பார்த்தேன் அண்ணா. அப்டேட்டுக்கு முந்தைய வாரம் 39,300, இப்போ 39,000. பவர் மோட் பேலன்ஸ்டு, ஸ்கிரீன் 60 ஹெர்ட்ஸ். இண்டெக்ஸ் பாக்கி 0. சும்மா இருக்கும்போது 12.8 வாட். சிபியு 3%.

சர்வீஸ்பெஞ்ச்
அந்த 39,300-ஐ ரொம்ப நம்பாதீங்க. செல்லை யாரும் அளந்து பார்த்துப் போட்ட நம்பர் இல்ல அது. பேட்டரிக்குள்ள இருக்கிற கேஜ் சிப் கணிச்சுச் சொல்றது. எப்பவும் 40-க்கும் 80-க்கும் நடுவுலயே ஓடுற மெஷின்ல அந்தக் கணிப்பு மாசக்கணக்கா புதுப்பிக்காமக் கிடக்கும். அதுவுமில்லாம, செல்லோட உள்தடை ஏறிட்டா மில்லிவாட்-மணி நம்பர் நல்லாத்தான் தெரியும், லோடு கொடுத்ததும் வோல்டேஜ் படுத்துடும். 25% காட்டுற மெஷின் திடீர்னு 6%-க்குக் குதிக்கும், இல்ல அப்படியே அணையும்.

சோதிக்கிற விதம்: 100% ஏத்தி ரெண்டு மணி நேரம் சார்ஜர்லயே விடுங்க. அப்புறம் தானா ஹைபர்னேட் ஆகுற (ரேமை டிஸ்க்ல எழுதிட்டு அணையற) வரைக்கும் இடைவிடாம ஓட்டுங்க, ஆறவிட்டு மறுபடி ஒரே மூச்சுல 100%. இறங்குறப்போ சதவீதம் சீரா இறங்குதா, தாவுதான்னு பாருங்க. இதைச் செஞ்சா போன கெபாசிட்டி திரும்பி வராது. கேஜ் உண்மையைப் பேச ஆரம்பிக்கும், அவ்வளவுதான். டச்பேட் ஒரு பக்கம் தூக்கின மாதிரி இருந்தா இந்தச் சோதனையே வேண்டாம், பேட்டரி உப்பியிருக்கு, உடனே கழட்டணும்.

வாட்மீட்டர்
கேஜ் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, தாவல் இருந்தால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். ஆனால் 12.8 வாட் கேஜின் கணிப்பு இல்லையே. ஓடும் மின்னோட்டத்தை வோல்டேஜால் பெருக்கி வருவது. சிபியு சும்மா இருக்கையில் மேலதிகம் ஆறு வாட் யாரோ குடிக்கிறார்கள். என் சந்தேகம் என்விடியா கார்டு மேல். வேலையில்லாதபோது அது மின்சாரமே இல்லாமல் அணைய வேண்டும். அணையாமல் விழித்திருந்தால் இந்த அளவு வாட் எளிதாகப் போகும்.

ரெஜிஸ்ட்ரிராஜா
ப்ரோ சிம்பிள். டிவைஸ் மேனேஜர்ல போய் அந்தக் கார்டை டிசேபிள் பண்ணுங்க, வாட் இறங்குதான்னு பாருங்க. ராத்திரி பிரச்சினைக்கு, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸோட உள் அமைப்புகள் இருக்கிற இடம்) எச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், பவர் கீழ 'பிளாட்ஃபார்ம்ஏஓஏசிஓவர்ரைடு'னு ஒரு டிவேர்டு (எண் மதிப்பு) உருவாக்கி 0 கொடுத்து ரீஸ்டார்ட். மாடர்ன் ஸ்டேண்ட்பை (அரைத்தூக்கம்) ஒழிஞ்சு பழைய எஸ்3 ஸ்லீப் (ரேமுக்கு மட்டும் கரன்ட் போற ஆழ்ந்த தூக்கம்) வந்துடும்.

வாட்மீட்டர்
இரண்டுமே வேண்டாம், நிலா.

முதலாவது: அந்தக் கார்டை அணைக்கும் வேலையைச் செய்வதே அதன் டிரைவர்தான். டிசேபிள் செய்தால் டிரைவர் வெளியேறிவிடும். சில மாடல்களில் கார்டு கேட்பாரற்று விழித்தபடியே கிடந்து, வாட் குறைவதற்குப் பதில் கூடும். அதைப் பார்த்து 'கார்டு காரணமில்லை' என்று தவறான முடிவுக்கு வருவீர்கள். சரியான வழி, கார்டை யார் எழுப்புகிறார்கள் என்று பார்ப்பது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப் மெனுவைத் திறந்து, ஜிபியு செயல்பாட்டு ஐகானைக் கடிகாரம் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். அதைச் சொடுக்கினால் கார்டைப் பிடித்து வைத்திருக்கும் புரோகிராம்களின் பெயர் வரும். கார்டின் நிலையைக் கேட்டுக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், கேட்பதற்காகவே அது கார்டை எழுப்பும். எச்டபிள்யூஇன்ஃபோவும் அப்படிச் செய்யக்கூடும், ஆகவே அதில் ஜிபியு சென்சாரை முடக்கிவிட்டு இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

இரண்டாவது: அந்த ரெஜிஸ்ட்ரி மதிப்பு எஸ்3-ஐ உண்டாக்காது. பயாஸில் (மதர்போர்டில் பதிந்திருக்கும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர்) எஸ்3 இருந்தால்தான் அது வெளியே வரும். இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பின் வந்த பல லேப்டாப்களில் தயாரிப்பாளர்கள் அதை வைப்பதே இல்லை. இல்லாத மெஷினில் 0 கொடுத்தால் மாடர்ன் ஸ்டேண்ட்பையும் போய், ஸ்லீப் என்ற ஒன்றே மெனுவில் இருக்காது. முதலில் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி /ஏ' கொடுத்துப் பாருங்கள். எஸ்3-ஐ ஃபர்ம்வேர் ஆதரிக்கவில்லை என்று வந்தால் அந்தக் கதவு மூடியாயிற்று.

ரெஜிஸ்ட்ரிராஜா
எஸ்3 இருக்கிற மெஷின்ல வேலை செய்யுதே ப்ரோ. இல்லாட்டி மதிப்பை டெலீட் பண்ணிட்டு ரீஸ்டார்ட், பழையபடி ஆயிடும். இதுல என்ன ஆபத்து?

வாட்மீட்டர்
ஆபத்து மதிப்பில் இல்லை, மறதியில். மூடியை மூடியதும் தூங்குகிறது என்று நம்பிப் பைக்குள் வைப்பார்கள். உள்ளே அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரிக் கசிவுக்கு ஹைபர்னேட் போதும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆன்', அடுத்து 'பவர்சிஎஃப்ஜி /சேஞ்ச் ஹைபர்னேட்-டைம்அவுட்-டிசி 30'. பேட்டரியில் இருக்கும்போது அரை மணி நேரம் கழித்து ரேமை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைந்துவிடும். ரேமில் 40% அளவுக்கு, 16 ஜிபிக்குச் சுமார் ஆறரை ஜிபி, சி டிரைவில் இடம் பிடிக்கும். திறக்கையில் சில விநாடி தாமதம்.

ஆனால் அது மருந்து மட்டுமே. நோயைப் பார்க்க 'பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி' ஓட்டுங்கள். ராத்திரி நேரத்துக்கான வரிசையைத் திறந்தால் 'லோ பவர் ஸ்டேட் டைம்' என்று சாஃப்ட்வேர், ஹார்டுவேர் என்று இரண்டு சதவீதம் தெரியும். அதை இங்கே போடுங்கள்.

பென்குயின்
லினக்ஸ்ல /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் ஃபைலை கேட் பண்ணா 'டீப்' (அதான் எஸ்3) இருக்கா இல்லையான்னு ஒரு வரில தெரியும். இந்த ராமாயணம் தேவையில்ல :)

வாட்மீட்டர்
பயாஸில் எஸ்3 இல்லாத மெஷினில் அங்கும் எஸ்2ஐடில் (மாடர்ன் ஸ்டேண்ட்பை போன்ற அரைத்தூக்கம்) மட்டும்தான் தெரியும், அதே கசிவுதான்.

நிலாகோடர்
எஸ்3 ஆதரவு இல்லைனு வந்துச்சு. ஸ்லீப்ஸ்டடியில சாஃப்ட்வேர் 97%, ஹார்டுவேர் 11%. என்விடியா ஐகான்ல ஒரு புரோகிராமும் இல்லை, ஆனா ஐகான் நிறம் மாறாம கார்டு இயங்குதுன்னே காட்டுது. ஜிபியு சென்சாரை முடக்கியும் 12.5 வாட். வெளி மானிட்டர் எதுவும் மாட்டலை.

வாட்மீட்டர்
இரண்டு நோய்க்கும் ஒரே வேர் என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். சாஃப்ட்வேர் 97 என்றால் விண்டோஸும் புரோகிராம்களும் ஒழுங்காக ஒதுங்கிவிட்டன. ஹார்டுவேர் 11 என்றால் சிப் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவில்லை. ஏதோ ஒரு சாதனம் தடுக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸில் (கார்டுகளை சிப்போடு இணைக்கும் பாதை) ஒரு கார்டு தன் இணைப்பைத் தளர்த்தாமல் பிடித்திருந்தாலே போதும், மொத்த சிப்பும் விழித்திருக்கும். பகலில் ஆறு வாட், இரவில் 18%.

பெரிய அப்டேட்டின்போது லேப்டாப் தயாரிப்பாளர் தந்த டிரைவருக்குப் பதில் பொது டிரைவர் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். டிவைஸ் மேனேஜரில் டிரைவர் தேதியைப் பாருங்கள். 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கான என்விடியா, இன்டெல் கிராஃபிக்ஸ், சிப்செட் டிரைவர் மூன்றையும் இறக்கி, முதலில் சிப்செட், பிறகு இன்டெல், கடைசியில் என்விடியா 'க்ளீன் இன்ஸ்டலேஷன்' டிக் செய்து போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட். முதல் ரீஸ்டார்ட்டிலேயே விண்டோஸ் அப்டேட் பழையபடி தன் டிரைவரை ஏற்றிவிடாமல் இருக்க, மூன்றும் முடியும் வரை நெட்டைத் துண்டித்து வையுங்கள்.

பொறுமைசாலி
இவ்வளவு பாடுபடறதுக்கு 23எச்2-க்கே திரும்பிடலாமே. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். 10 நாளைக்குள்ள செய்யலாம், இன்னும் நாள் இருக்கு. டிஸ்க் க்ளீனப்ல விண்டோஸ்.ஓல்டு (பழைய விண்டோஸ் இருக்கிற) ஃபோல்டரை மட்டும் அழிச்சிடாதம்மா, அப்புறம் வழியே இல்லை.

சர்வீஸ்பெஞ்ச்
அதுல ஒரு ஓட்டை இருக்கு. அப்டேட்டோட பயாஸும் ஏறியிருந்தா, விண்டோஸைத் திருப்பினாலும் பயாஸ் திரும்பாது. கோளாறு அங்க இருந்தா 23எச்2-லயும் அதே 12 வாட்தான் நிக்கும். பயாஸ் தேதியை எம்எஸ்இன்ஃபோ32-ல (சிஸ்டம் தகவல் காட்டுற விண்டோஸ் கருவி) பாருங்க. பயாஸைத் தொடறதுக்கு முன்னாடி பிட்லாக்கரோட (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வெச்சுக்கணும். அது இல்லாம உள்ள போக முடியாம டேட்டாவைப் பறிகொடுத்தவங்க உண்டு.

வாட்மீட்டர்
திரும்பிப் போவதைக் கடைசி வழியாக வையுங்கள். அப்டேட்டுக்குப் பின் போட்ட மென்பொருள்கள் போய்விடும். 23எச்2-வின் ஹோம், புரோ பதிப்புகளுக்குப் பாதுகாப்பு பேட்ச் 2025 நவம்பரோடு நின்றுவிட்டது. ஆனால் பத்து நாள் கெடுவை நீட்டி வைப்பதில் நட்டமில்லை: அட்மினாக 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60'. இதைக் கெடு முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

பொறுமைசாலி
பேட்ச் நின்னு போனதுக்குத் திரும்பச் சொன்னது சரியில்லதான், ஆனா வேலை நடக்கற மெஷினை ரெண்டு நாள் டிரைவர் மாத்தி மாத்தி ரீஸ்டார்ட் பண்ண எல்லாருக்கும் நேரம் இருக்கா என்ன?

நிலாகோடர்
கெடுவை 60 ஆக்கிட்டேன். எம்எஸ்இன்ஃபோ32-ல பயாஸ் தேதி போன வருஷத்தது, அது மாறலை. என்விடியா டிரைவர் மட்டும் அப்டேட் நடந்த அன்னிக்கே மாறியிருக்கு. ரோல் பேக் பட்டன் மங்கலா இருந்துச்சு, அதனால தளத்துல இருந்து மூணையும் வரிசையாப் போட்டேன். சும்மா இருக்கும்போது 6.6 வாட். ஸ்லீப்ஸ்டடி இன்னிக்கு ராத்திரி ஓட்டிப் பார்க்கணும்.

சர்வீஸ்பெஞ்ச்
நல்லது. 39,000 இன்னும் 39,000-தான். அந்த இறக்கச் சோதனையையும் ஒரு விடுமுறை நாள்ல செஞ்சு, 20%-க்குக் கீழ தாவுதான்னு இங்க போடுங்க.