புதுப்பிப்பு: பெரியம்மாவின் விசா நீடிப்பு கிடைத்துவிட்டது

கனடாவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் பெரியம்மாவின் 30 நாள் சுற்றுலா விசாவை நீடிக்க நேரில் போக வேண்டுமா, சென்னை போய் வந்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒன்லைனில் போடச் சொன்னவர் சொன்னதே சரி. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே வேலை முடிந்தது. திணைக்கள அலுவலகம் இருக்கும் பத்தரமுல்லைப் பக்கம் போகவே இல்லை. சென்னை யோசனை உதவாது: ஈ.டி.ஏ.யில் (ஒன்லைனில் எடுக்கும் இலங்கைப் பயண அனுமதி) இரண்டு தடவை நுழையலாம்தான், ஆனால் அந்த 30 நாளுக்குள். திரும்பி வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

சிக்கல் வந்தது பணம் கட்டும்போதுதான். பெரியம்மாவின் கார்டை அவரது வங்கி மறித்துவிட்டது. கனடாவில் அப்போது நடுச்சாமம், யாரை அழைப்பது? கடைசியில் என் கார்டால் கட்டினேன், சரிவந்தது. கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்களுக்குரியதை அந்தத் தளத்திலேயே பாருங்கள்.

அப்புறம், கடவுச்சீட்டில் முத்திரை எதுவும் விழவில்லை. அனுமதி மின்னஞ்சலில் வந்தது. முத்திரை இல்லாமல் நம்பவே மாட்டேன் என்று பெரியம்மா அடம்பிடிக்க, அச்சிட்டுக் கொடுத்தேன். விமான நிலையத்தில் காட்டவும் அது உதவும். விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள், பிந்தினால் தண்டப்பணம் கட்ட நேரிடலாம்.