ராதாநகர் கடற்கரையில் சிப்பி பொறுக்கலாமா?

கீழக்கரையான்:
போன வாரம் முருகு சார் போட்ட அந்தமான் பயணக் கட்டுரையை இப்போதுதான் படித்தேன். “பொறுப்பான சுற்றுலா” என்று தலைப்பு வைத்துவிட்டு, கடைசிப் பத்தியில் “கரை ஒதுங்கிய செத்த சிப்பி குப்பைதானே, ஒரு பை நிறைய அள்ளி வந்தோம், ஏர்போர்ட்டில் மாட்டவில்லை” என்று எழுதியிருக்கிறார். இதில் பொறுப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

பயணி முருகு:
நான்கு நாளும் ஒரு பிளாஸ்டிக் கவர்கூடக் கீழே போடவில்லை. எலிஃபென்ட் பீச்சில் பவளத்தை மிதிக்காமல் மிதந்துகொண்டே பார்த்தோம். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சிப்பியைப் பிடித்துக்கொண்டீர்கள். உயிரோடு இருந்ததையா எடுத்தேன்? செத்தது ஐயா, செத்தது.

கீழக்கரையான்:
செத்தது உங்களுக்கு. அங்கே ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றுப் பக்கம் ஓடு இல்லாத நண்டு ஒன்று காலிச் சங்கைத் தேடி மணலில் அலையும். துறவி நண்டு என்பார்கள். உடம்பு வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்துக் குடி மாறும். சங்கு கிடைக்காமல் ஒரு நண்டு பாட்டில் மூடியைச் சுமந்துகொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். மூடியின் ஒரு பக்கம் பிளந்து, அதன் வயிறு மணலில் உரசிக்கொண்டிருந்தது. உங்கள் பையில் இருப்பது குப்பையில்லை, அதன் வீடு.

நான் மன்னார் வளைகுடாக்காரன். எங்கள் பக்கம் 21 தீவுகள் இருந்தன. அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் வண்டி வண்டியாகப் பவளக்கல்லை வெட்டியதுதான் பெரிய காரணம். அப்போதும் “வெறும் கல்தானே” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பயணி முருகு:
வண்டி வண்டியாக வெட்டியதும் என் பத்துச் சிப்பியும் ஒன்றா? போர்ட் பிளேரில் அரசு எம்போரியத்திலேயே சிப்பி விளக்கு, சிப்பி மாலை விற்கிறார்கள். அரசு விற்றால் சரி, நான் குனிந்து எடுத்தால் குற்றமா?

தீவுக்காரி:
நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள். எம்போரியத்தில் வாங்கினால் பில் தருவார்கள், அதைக் காட்டினால்தான் ஏர்போர்ட்டில் விடுவார்கள். கையில் பில் இல்லாமல் மாட்டினால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். பவளம் என்றால் துண்டுகூடக் கூடாது. 2001 முதல் அது வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. செத்த பவளத்துக்கும் இதேதான்.

சிப்பியைவிட எனக்கு வலிப்பது நீல் தீவு. வற்றுநேரத்தில் இயற்கைப் பாலத்துப் பக்கம் செருப்புக் காலோடு பாறைமேல் நடப்பார்கள். கைடு கடலட்டையை எடுத்துக் கையில் கொடுப்பார், ஒவ்வொருவராகப் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் சிப்பி அள்ளிய ராதாநகர் இருக்கும் ஹேவ்லாக் தீவிலும் அப்படித்தான்.

பாரதநேசன்:
ஹேவ்லாக் என்று இனிமேல் எழுதாதீர்கள். 2018 டிசம்பர் 30 முதல் அது சுவராஜ் தீப். நீல் தீவு ஷஹீத் தீப். 1857 எழுச்சியை அடக்கிய வெள்ளைக்காரத் தளபதியின் பெயரை இன்னும் எத்தனை நாள் சுமப்பது?

தீவுக்காரி:
படகுத்துறையில் நின்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள் அண்ணா, ஹேவ்லாக் போட் எங்கே என்றுதான் கேட்பார்கள். பெயர் மாற்றியவர்கள்மேல் கோபமில்லை, வாயில் வருவதைச் சொன்னேன்.

பாரதநேசன்:
அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். 2024-ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அதையும் நீங்கள் மாற்றிச் சொல்லவில்லை.

கீழக்கரையான்:
பெயர்ச் சண்டையைத் தனி விவாதத் திரியில் வைத்துக்கொள்ளுங்கள். முருகு சார், சிப்பிக்கு வருவோம். மாட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, மாட்டியிருந்தால்? துணிக்கு நடுவில் சுருட்டி வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள், தப்பு என்று தெரிந்துதானே?

பயணி முருகு:
உடையக் கூடாது என்று சுருட்டினேன். உங்களுக்கு என்மேல் குற்றாலம் திரியிலிருந்தே கோபம். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது எங்கள் ஊர் வழக்கம் என்றதற்கு அன்றைக்கும் நாற்பது பதில் போட்டீர்கள்.

கீழக்கரையான்:
அன்றைக்கும் நான் சொன்னது சரிதான். எண்ணெயும் ஷாம்பூவும் கீழே போய் எங்கே சேருகிறது என்று நீங்கள் பதிலே சொல்லவில்லை.

தீவுக்காரி:
அப்புறம் முருகு சார், இன்னொன்று. பாரடாங் தீவுக்குப் போகும் வழியில் “ஜாரவா மக்களைப் பார்க்கும் அதிர்ஷ்டம் எங்களுக்கு இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அந்தக் காட்டில் வாழும் பழங்குடி. காட்டுக்குள் நுழையும் ஜிர்காடாங் செக்போஸ்ட்டில், வண்டியை நிறுத்தாதே, போட்டோ எடுக்காதே, தின்பண்டம் கொடுக்காதே என்று சொல்லித்தானே வண்டிகளை வரிசையாகக் கான்வாயில் அனுப்புகிறார்கள்? மனிதர்களைப் பார்க்க என்ன அதிர்ஷ்டம்? அந்த வரியைப் படித்தபோது மனசு கொதித்தது.

பயணி முருகு:
நான் போனது சுண்ணாம்புக் குகை பார்க்க. ஜன்னலைக்கூட இறக்கவில்லை. ஒரு வார்த்தையை வைத்து என்னைக் காட்டுமிராண்டி ஆக்காதீர்கள் அம்மா.

தீவுக்காரி:
வார்த்தை உங்களுடையதுதான் சார்.

கீழக்கரையான்:
கட்டுரையின் கடைசிப் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷோகேஸில் இடமிருந்து மூன்றாவது, வெள்ளையாக, கிளை கிளையாக விரிந்து, மேலெல்லாம் ஊசிமுனை அளவு துளையோடு இருக்கிறதே. அது சிப்பியே இல்லை, பவளம்.

பயணி முருகு:
அது கல்.

கீழக்கரையான்:
கல்லுக்குக் கிளை விடுமா சார்? பவளம்.

பயணி முருகு:
கடைக்காரரே கல் என்றார்.

கீழக்கரையான்:
கடைக்காரரா? கரையில் பொறுக்கியதாகத்தானே எழுதினீர்கள்?